கடலூர்க் கழிமுகத்தில் அலையாத்தி நட ஒப்பந்தம் கொடுப்பதற்கு முன்

கேள்வி இதுதான். கடலூருக்குத் தெற்கே, உப்பங்கழி ஓரத்தில் ஒரு மீனவர் சங்கத்தின் வசம் பத்து ஏக்கர் இருக்கிறது. பழைய இறால் குட்டை, கைவிட்டு இருபது வருடம் ஆகிறது. ஒரு தனியார் நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியில் அங்கே அலையாத்திக் காடு, அதாவது கழிமுகச் சேற்றில் நிற்கும் கண்டல் மரங்களின் காடு, வளர்க்கப் பணம் தருகிறது. மார்ச்சுக்குள் முடித்துக் கணக்குக் கொடுக்க வேண்டுமாம். மூன்று ஒப்பந்ததாரர்கள் நாற்று ஒன்றுக்கு இவ்வளவு என்று விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார்கள். மிகக் குறைந்த விலை சொன்னவர் ஒரு லட்சம் நாற்று நட்டுத் தருகிறேன் என்கிறார். யாரிடம் கொடுப்பது, ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது என்று சங்கச் செயலாளர் கேட்கிறார்.

மூவரில் யாருக்கும் இப்போதைக்குச் சரி சொல்லாதீர்கள். அவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. நாற்று ஒன்றுக்கு என்ன விலை என்று கேட்டால் யாராக இருந்தாலும் நாற்றைத்தான் விற்பார்கள். உங்களுக்கு வேண்டியது காடு. நாற்றுக்குப் போட்ட ஒப்பந்தத்தில் காடு வராது.

ஒரு லட்சம் என்கிற அந்தக் கணக்கையே பாருங்கள். பத்து ஏக்கர் என்பது ஏறக்குறைய 40,500 சதுர மீட்டர். அதில் ஒரு லட்சம் நாற்று என்றால் சதுர மீட்டருக்கு இரண்டரை, அதாவது செடிக்குச் செடி இரண்டடி. கரை, வாய்க்கால், மேடு எதையும் கழிக்காமலே இந்தக் கணக்கு. இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் அதே பத்து ஏக்கருக்குப் பத்தாயிரம் நாற்றே போதும். மிச்சம் தொண்ணூறாயிரத்துக்கு நிலத்தில் வேலை இல்லை, பில்லில் மட்டும்தான் வேலை. நாற்றுக்குக் காசு என்று எழுதிவிட்டால் நெருக்கி நடுவதுதான் அவருக்கு லாபம். அதற்குப் பிறகு அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்க அவருக்குக் காரணம் எதுவும் இருக்காது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இருபது வருடமாக அந்தக் குட்டை சும்மா கிடக்கிறது. பக்கத்துக் கழியில் கண்டல் மரம் இருக்கிறது என்றால், வருடா வருடம் மழைக்காலத்தில் அதன் விதை தண்ணீரில் மிதந்து ஊரெல்லாம் போகும். உங்கள் குட்டைக்குள் மட்டும் ஏன் ஒரு செடிகூட நிலைக்கவில்லை? கரை உயரமாக இருந்து விதையையும் தண்ணீரையும் உள்ளே விடாமல் இருக்கலாம். உள்ளே போன தண்ணீர் வெளியேறாமல் தேங்கலாம். மண்ணில் உப்பு ஏறியிருக்கலாம். தரை, கடல் ஏறும்போது கழிக்குள் வரும் ஏற்றத்தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கலாம். கண்டல் வகைகளில் ஒன்றான வெண்கண்டலின் தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் பிடிக்கும் என்பதால், முளைத்ததை எல்லாம் அவை மேய்ந்திருக்கலாம். எது தடுத்ததோ அதே காரணம், காசு கொடுத்து வாங்கி வந்த நாற்றையும் கொல்லும். தடையை எடுத்துவிட்டால் பல இடங்களில் நட வேண்டிய தேவையே பாதியாகக் குறைந்துவிடும். விதை தானாகவே வந்து இடம் பிடிக்கும்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டாம், நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பிச்சாவரத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை கூப்பு முறையில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். மரம் போன இடத்தில் சேறு வெயிலில் காய்ந்து அமுங்கியது. தரை தாம்பாளம் போல நடுவில் குழிந்துவிட்டது. ஏற்றத்தில் வந்த தண்ணீர் வற்றத்தில் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நின்றது, வெயிலில் ஆவியானது, உப்பை மட்டும் விட்டுப் போனது. இப்படி வருடக்கணக்கில் உப்பு ஏறி, உமரிப்பூண்டு தவிர வேறெதுவும் வராத பொட்டலாகிவிட்டது. விறகு வெட்டிய ஊர்க்காரர்களும் மேய்ந்த மாடுகளும்தான் காட்டை அழித்ததாக நெடுநாள் பேசப்பட்டது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஆய்வு செய்தபோதுதான், வெட்டிய முறையும் அதனால் மாறிப்போன தரையமைப்புமே மூலக் காரணம் என்று தெளிவானது. அப்புறம் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள்: நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள். ஏற்றவற்றம் மீண்டும் உள்ளே வந்து போகத் தொடங்கியதும் மண்ணின் உப்பு கழுவப்பட்டது. நட்ட செடி நின்றது, நடாத இடத்திலும் முளைத்தது. வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து செய்த வேலை அது. 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் பிச்சாவரம் இடம்பெற்றதைக் கொண்டாடுகிறவர்கள், அதற்கு முன் மண்வெட்டியோடு சேற்றில் நின்றவர்களையும் நினைக்க வேண்டும்.

எதிர்ப்பக்க உதாரணம் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே ஊர் ஊராகக் கண்டல் நட்டார்கள். 23 நடவு இடங்களை ஆராய்ச்சியாளர்கள் திரும்பப் போய்ப் பார்த்து 2017-இல் எழுதினார்கள். 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. மொத்தம் 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட முயன்றதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேர்தான். பெரும்பாலும் இடம் தவறு, அல்லது நட்ட பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பணமும் உழைப்பும் நல்ல எண்ணமும் அங்கே குறைவாக இருக்கவில்லை.

ஆகவே உங்கள் முதல் செலவு அளவெடுப்பதற்கு. இதற்குப் பெரிய கம்பெனி தேவையில்லை. குட்டைக்குள்ளும் வெளியே கழியிலுமாக ஆறேழு இடத்தில் மூங்கில் கழி நட்டு, சென்டிமீட்டர் கோடு போடுங்கள். எல்லா மூங்கில்களின் பூஜ்யக் கோடும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும், ஆட்டோ லெவல் கிடைத்தால் இன்னும் நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் எவ்வளவு உயரம் வருகிறது, அஷ்டமியை ஒட்டி எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமே சாதாரணமாக ஒரு மீட்டருக்குள்தான். அதனால் தரையில் ஒரு சாண் ஏற்ற இறக்கம்கூட ஒரு செடியின் விதியை மாற்றிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் மட்டமே சற்று உயர்ந்து நிற்கும், கோடையில் இறங்கிவிடும். கார்த்திகையில் தினமும் நனைகிற இடம் பங்குனி, சித்திரையில் வாரக்கணக்கில் காய்ந்து கிடக்கலாம். ஒரு மழைக்காலம், ஒரு கோடை இரண்டையும் பார்க்காமல் போட்ட திட்டத்தை நான் நம்புவதில்லை.

உப்பையும் பார்க்க வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டர் என்று இறால் பண்ணைக்காரர்கள் கையில் வைத்திருக்கிற சின்னக் கருவிதான், உங்கள் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் கிடைக்கும். மேலே நிற்கிற தண்ணீரை மட்டும் பார்க்காதீர்கள். ஓரடி குழி தோண்டி அதில் ஊறி வருகிற தண்ணீரைப் பாருங்கள், வேர் குடிக்கப் போவது அதைத்தான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. குழித் தண்ணீர் கோடையில் அதைப்போல இரண்டு மடங்கு காட்டினால், நடவைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு வாய்க்காலைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் இடம் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய உப்பனாற்றுப் பக்கம் என்றால், தோண்டுவதற்கு முன் சேற்று மாதிரியை ஒரு ஆய்வகத்தில் கொடுத்து கன உலோகங்கள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அடியில் படிந்து கிடப்பதைக் கலக்கிவிட்டால் அது மீனுக்கும் நண்டுக்கும் போகும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. இப்படிப்பட்ட கேள்விகளோடு போனால் ஆலோசனை சொல்லக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அளவெடுத்த பிறகு, குட்டையின் சில பகுதிகளில் எதையும் நடக்கூடாது என்றும் தெரியவரலாம். உமரி அடர்ந்து கிடக்கும் உவர்நிலம், வற்றத்தில் வெளியே தெரியும் சேற்றுத் திட்டு, கடற்கரை மணல்மேடு இவை எல்லாம் தரிசு கிடையாது. சேற்றுத் திட்டில்தான் வலசை வரும் உள்ளான்கள் இரை தேடுகின்றன, உங்கள் ஊர்ப் பெண்கள் மட்டி பொறுக்குகிறார்கள். மணல்மேட்டுக்கு அடும்பும் ராவணன்மீசையும் போதும். சுனாமிக்குப் பிறகு கடற்கரை நெடுகச் சவுக்கு நட்டதில் பல இடங்களில் மணல்மேடு கெட்டது, ஆமை முட்டையிடும் இடம் சுருங்கியது. பச்சையாக இருந்தால் போதும் என்கிற அவசரத்தை அலையாத்தி விஷயத்திலும் காட்டிவிடாதீர்கள்.

இனி மண்வேலை. பழைய குட்டை என்பதால் கரையை முழுவதும் இடித்துச் சமப்படுத்த வேண்டும் என்று ஒப்பந்ததாரர் சொல்வார். ஹிட்டாச்சி மணிக்கணக்கில் ஓடினால் அவருக்குப் பணம். பெரும்பாலும் அது தேவைப்படாது. குட்டை வெட்டுவதற்கு முன் ஓடை எங்கே ஓடியது என்று ஊரில் வயதானவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் கரையைத் திறந்துவிட்டாலே தண்ணீர் தன் பழைய வழியைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை இடத்தில் திறப்பது, எவ்வளவு அகலம், எந்த ஆழம் என்று வரைபடத்தில் போட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். வயல் பக்கத்துக் கரையை மட்டும் தொடாதீர்கள். உவர்நீர் பக்கத்து நெல்வயலில் ஏறினால் நஷ்ட ஈடு உங்கள் தலையில் விழும், ஊருக்குள் பகையும் வரும்.

வாய்க்காலைக் கன மீட்டரில் அளந்து பணம் கொடுங்கள். மேலே 2 மீட்டர், அடியில் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர் என்றால் 100 மீட்டர் நீளத்துக்கு 150 கன மீட்டர் வரும். அளவுப் புத்தகத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் கன மீட்டர் மட்டும் போதாது. வாய்க்காலின் கடைசி முனைவரை ஏற்றத்தில் தண்ணீர் போய், வற்றத்தில் திரும்பி வருகிறது என்பதை ஒரு அமாவாசைக்கும் ஒரு அஷ்டமிக்கும் மூங்கில் கழிகளில் பார்த்த பிறகுதான் மண்வேலை முடிந்ததாக எழுதித்தர வேண்டும். வெட்டிய மண்ணை வாய்க்கால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போவது வழக்கம். அது புதுக் கரையாகி, நடுவில் உள்ள நிலத்துக்குத் தண்ணீர் போகாமல் தடுத்துவிடும். மெல்லிசாகப் பரப்பவோ இடைவெளி விட்டுக் கொட்டவோ வேண்டும் என்று எழுத்தில் இருக்கட்டும். சேற்று நிலத்தில் கனமான வண்டியை ஏற்றினால் மண் இறுகிவிடும். கிளை வாய்க்கால்களை ஆட்களை வைத்து மண்வெட்டியால் வெட்டுவதே நல்லது, ஊருக்கும் கூலி கிடைக்கும். ஓரிரு வருடத்தில் வாய்க்காலில் வண்டல் சேரும். தூர்வாரும் வேலையும் அதே ஒப்பந்தத்தில் இல்லையென்றால், மூன்றாம் வருடம் நிலம் பழைய நிலைமைக்கே போய்விடும்.

நடவுக்கு வருவோம். பிச்சாவரத்தைச் சுரபுன்னைக் காடு என்றே எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அங்கே அதிகம் இருப்பது வெண்கண்டல். சுரபுன்னை ஓடைகளின் விளிம்பில், தினமும் தண்ணீர் வந்து போகும் இடத்தில் நிற்கும். அதற்குப் பின்னால், உப்பு கூடிய உள்பகுதி முழுக்க வெண்கண்டலின் ராஜ்யம். அதையும் தாண்டிக் கரைமேட்டில் தில்லை. ஒப்பந்ததாரர்களுக்குப் பிடித்தது சுரபுன்னை. மரத்திலேயே முளைவிட்டு நீளமாகத் தொங்கும் அதன் முளைக்காயைப் பறித்து வந்து மூன்றில் ஒரு பங்கைச் சேற்றில் குத்தினால் நடவு முடிந்தது. நூறு பேர் வரிசையாகக் குத்தி நிற்பதைப் புகைப்படம் எடுத்தால் அழகாகவும் இருக்கும். வெண்கண்டல் விதை சின்னது, நீர் வந்து அடித்துக்கொண்டு போய்விடும். பையில் வளர்த்து, தேற்றி, கொண்டுவந்து நட வேண்டும். அதனாலேயே வெண்கண்டல் வரவேண்டிய இடத்தில் எல்லாம் சுரபுன்னையைக் குத்திவிட்டுப் போகிறார்கள், அது முதல் கோடையிலேயே கருகுகிறது. எந்த மட்டத்தில் எந்த மரம் என்பதை ஒப்பந்தத்தில் வரைபடமாகவே கேளுங்கள்.

விதை எங்கிருந்து வருகிறது என்பதும் எழுத்தில் வேண்டும். பக்கத்துக் கழியிலிருந்து வந்தால் உத்தமம். பிச்சாவரம் காப்புக்காட்டில் விதை எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதத்தைப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். வேறு மாநிலத்திலிருந்து லாரியில் வரும் நாற்று வேண்டாம். சுரபுன்னை முளைக்காய் முதிர்ந்ததா என்று பார்க்க அதன் தலைப்பக்கத்துக் கழுத்து வளையம் வெளியே தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நண்டும் புழுவும் துளைத்ததைக் கழித்துவிட வேண்டும். நாற்றங்காலையும் உங்கள் நிலத்துக்குப் பக்கத்திலேயே, அதே உப்புத்தண்ணீர் வந்து போகும் இடத்தில் போடச் சொல்லுங்கள். நல்ல தண்ணீரிலும் நிழலிலும் கொழுத்து வளர்ந்த நாற்றைக் கொண்டுவந்து உவரில் வைத்தால் தாங்காது. நட்ட பின் பிளாஸ்டிக் பைகளை எண்ணித் திருப்பித் தர வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். கழியெல்லாம் கருப்புப் பை மிதப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இப்போது அந்த மார்ச் கெடு. இதுதான் உங்கள் திட்டத்தின் மிகப் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, உப்புக்கும் வெயிலுக்கும் உச்சம் அப்போதுதான் தொடங்குகிறது. மார்ச்சில் நட்ட பிஞ்சுச் செடி மே மாதத்தைத் தாண்டுவது கடினம். நல்ல நடவுக் காலம், மழை தொடங்கி மண்ணின் உப்பு கழுவப்பட்ட பிறகுதான். நிறுவனத்திடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள், சட்டத்தில் வழி இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவும் 2021-இல் திருத்திய விதிகளும் தொடர் திட்டம் என்ற வகையை ஒப்புக்கொள்கின்றன. திட்டம் தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மேலும் மூன்று நிதியாண்டுகள் வரை அது ஓடலாம். அந்த ஆண்டில் செலவாகாத தொகையை, ஆண்டு முடிந்து 30 நாளுக்குள் இதற்கென்றே ஒரு தனி வங்கிக் கணக்குக்கு நிறுவனம் மாற்றிவிட்டால் போதும். அவர்களுடைய இயக்குநர் குழு இதைத் தொடர் திட்டம் என்று தீர்மானம் போட வேண்டும், அவ்வளவுதான். ஒரு அலையாத்திக் காட்டுக்கு இந்த நாலு வருடம் ஏறக்குறையப் பொருந்தி வருகிற கால அளவு. இன்னொரு விஷயம்: உங்கள் சங்கத்துக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும், சமூகப் பொறுப்பு நிதியில் வேலை செய்வதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும், மூன்று வருட அனுபவமும் இல்லையென்றால் அந்தப் பணம் நேரடியாக உங்களிடம் வராது. அந்தத் தகுதி உள்ள ஒரு அறக்கட்டளையோடு சேர வேண்டியிருக்கும். சேர்ந்தாலும் ஒப்பந்தத்தில் சங்கமும் ஒரு தரப்பாகக் கையெழுத்திட வேண்டும், விடாதீர்கள்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் நிலம் யாருடையது என்று பட்டாவையும் கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். பழைய இறால் குட்டைகள் பல புறம்போக்கிலும் நீண்டிருக்கும். ஏற்றவற்றத்துக்கு உட்பட்ட நிலம், கண்டல், உவர் சதுப்பு எல்லாமே கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் முதல் வகையில் வருகின்றன. நல்ல காரியம்தானே என்று கேட்காமல் இயந்திரத்தை இறக்கினால் வழக்கு உங்கள் மேல் வரும். மாவட்ட அளவில் உள்ள கடலோர மண்டலக் குழுவிடமும் வன அலுவலகத்திலும் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். புதுச்சேரி எல்லைக்குள், அரியாங்குப்பம் ஆற்றோரம் போன்ற இடத்தில் செய்கிறவர்களுக்கு அங்கே தனி ஆணையம் இருக்கிறது.

வேலையை யாரிடம் கொடுப்பது? ஒரே ஆளிடம் மொத்தமாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கரை திறப்பதும் பெரிய வாய்க்காலும் மண்வேலை தெரிந்த ஒப்பந்ததாரருக்கு. நாற்றங்கால், நடவு, தூர்வாருதல், காவல் இவை உங்கள் ஊர் மகளிர் குழுக்களுக்கும், கழியில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்கும். பிச்சாவரத்து வாய்க்கால் வேலையில் இருளர்கள் பங்கு உண்டு. எந்த ஓடையில் எப்போது தண்ணீர் ஏறும், எங்கே சேறு முழங்காலுக்கு மேல் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் பொறியாளருக்கும் தெரியாது. அது கூலி வேலையாக மட்டும் இல்லாமல், மூன்று வருடப் பராமரிப்பு ஒப்பந்தமாக அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும். செடி பிழைத்ததா என்று எண்ணுவது மட்டும் இந்த இரண்டு தரப்பையும் சேராத மூன்றாவது ஒருவர்.

பணத்தைப் பிரிப்பதற்கு நான் சொல்லும் விகிதம் இது: அளவெடுப்புக்கும் வரைபடத்துக்கும் 10 விழுக்காடு, தண்ணீர் வந்து போவது நிரூபணமான பிறகு மண்வேலைக்கு 35, நாற்றங்காலுக்கும் நடவுக்கும் 20, மூன்று வருடப் பராமரிப்புக்கும் எண்ணிக்கைக்கும் 35. வழக்கமான ஒப்பந்தத்தில் நடவு நாளிலேயே முக்கால்வாசிப் பணம் போய்விடும், அதற்குப் பிறகு கூப்பிட்டால் போன் எடுக்க மாட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மகளிர் குழுவும் இருளர் குடும்பங்களும் பணத்தை மூன்று வருடம் பிடித்துவைத்தால் தாங்க மாட்டார்கள். பிடித்தம் எல்லாம் மண்வேலை ஒப்பந்ததாரரிடம் மட்டும். இவர்களுக்கு மாதா மாதம் பராமரிப்புக் கூலி, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகாமல், விபத்துக் காப்பீட்டோடு. சிப்பி ஓடு காலைக் கிழிக்கும், சேற்றில் திருக்கை முள் குத்தும், தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வை போகுமளவுக்கு எரியும். காலணியும் கையுறையும் யார் வாங்கித் தருவது என்பதுகூட ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய விஷயம்தான்.

எண்ணும் முறையில்தான் அதிகம் ஏமாற்று நடக்கிறது. பிழைத்த செடி 80 விழுக்காடு என்று எழுதினால், ஆய்வுக்கு ஒரு வாரம் முன்னால் செத்த இடத்தில் எல்லாம் புது நாற்றைக் குத்திவிடுவார்கள். கணக்கு சரியாக வரும், காடு வராது. நட்ட நாளிலேயே பத்து ஏக்கரில் இருபது இடத்தில், பத்துக்குப் பத்து மீட்டர் சதுரம் குறித்து, நான்கு மூலையிலும் கல் ஊன்றி, உள்ளே இருக்கும் செடிகளுக்கு எண் கட்டுங்கள். சதுரங்கள் எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், ஒப்பந்ததாரர் கை காட்டும் இடத்தில் வேண்டாம். ஒவ்வொரு கோடை முடிந்ததும், ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் எண்ணுங்கள். எண் கட்டிய செடி எத்தனை, பிறகு வைத்தது எத்தனை, தானாக முளைத்தது எத்தனை என்று மூன்று பத்தியாக எழுத வேண்டும். தானாக முளைத்ததையும் வெற்றிக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். சேர்க்காவிட்டால் என்ன நடக்கிறது தெரியுமா? வரிசை நேராக வர வேண்டும் என்று, இயற்கையாக வந்த வெண்கண்டல் கன்றுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் நாற்றை நடுகிறார்கள். பணத்துக்கான அளவுகோல், மூன்றாம் வருட முடிவில் நூறு சதுர மீட்டருக்கு உயிரோடு இருக்கும் கன்றுகளின் எண்ணிக்கையாக இருக்கட்டும். எப்படி வந்தது என்று பார்க்க வேண்டாம்.

இயற்கைச் சீற்றம் பற்றி ஒரு விதி வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி, பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. மூன்று நான்கு வருட ஒப்பந்தத்துக்குள் ஒரு புயலாவது வரும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். புயல் வந்தால் பதினைந்து நாளுக்குள் எண்ண வேண்டும். அதில் போனதற்கு ஒப்பந்ததாரர் பொறுப்பில்லை, அதற்கு முன்பே செத்ததற்கு அவர்தான் பொறுப்பு. மறுநடவுக்கென்று ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள். மற்றபடி பாசி சுற்றி நாற்று சாய்வது, தண்டில் சிறு சிப்பிகள் ஒட்டிப் பாரமேறுவது, ஆடு மாடு நுழைவது எல்லாம் இயற்கைச் சீற்றம் கிடையாது. அவை பராமரிப்பு வேலை. ஆட்டுக்காரர்களை முதல் கூட்டத்திலேயே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிவிடுங்கள், வேலி போடுவதைவிட அது பலன் தரும்.

உங்கள் மூன்று ஒப்பந்ததாரர்களிடமும் திரும்பப் போய் இரண்டே இரண்டு விஷயம் கேளுங்கள். அந்தக் குட்டையில் ஏன் மரம் வரவில்லை என்று நேரில் பார்த்து ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள், அதற்கு ஒரு சிறு கட்டணமும் கொடுங்கள். அடுத்து, மூன்று வருடத்துக்கு முன் அவர் நட்ட ஒரு இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். புகைப்படம் வேண்டாம், நேரில் போங்கள். அவர் இல்லாத நேரத்தில் அந்த ஊர் மீனவர்களோடு அரைமணி நேரம் பேசுங்கள். இந்த இரண்டிலும் தேறுகிறவர் விலை கூடச் சொன்னாலும் அவரிடம் மண்வேலையைக் கொடுக்கலாம். மூவரும் தேறவில்லையென்றால் இந்த வருடம் அளவெடுப்பும் நாற்றங்காலும் மட்டும் செய்யுங்கள். தொடர் திட்டத் தீர்மானம் கேட்டு நிறுவனத்துக்கு இந்த வாரமே கடிதம் போட்டுவிடுங்கள். மூங்கில் கழிகளை வருகிற அமாவாசைக்கு முன் ஊன்றி, தினமும் குறித்து வைக்கப் பள்ளி முடித்த இரண்டு பிள்ளைகளை ஏற்பாடு செய்யுங்கள்.